இஞ்சி, சீனி, தேத்தண்ணி

வோபர்ன், ஸ்காபரோ
11 பெப்ரவரி 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

மாதாவின் துணையால் நானும் இவரும் மெலனியும் சுகம். எனக்கு மட்டும் டொக்டர் சீனியை அடியோடு நிறுத்தச் சொல்லிவிட்டார். வெறும் இஞ்சித் தேத்தண்ணி குடிக்கப் பழகுகிறேன். அங்கே மிசிசாகாவில் நீங்களும் பேபி மச்சாளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்பத்தானே முடியும்? ஆறு வருடமாக ஃபோன் அடித்தால் நீங்கள் எடுப்பதில்லை. மச்சாள் எடுத்தால் “அவர் படுத்திருக்கிறார்” என்கிறா. இவ்வளவு நித்திரை கொள்ளும் இன்னொரு மனிதர் எனக்குத் தெரிந்து என் புருஷன்தான்.

அதனால்தான் கடிதம். ஃபோன் என்றால் கட் பண்ணிவிடலாம், கடிதத்தை வாசித்துத்தான் ஆகவேண்டும்.

விஷயம் இதுதான். செப்டெம்பர் 21ஆம் தேதி பொமன்வில் பக்கத்துப் பழைய மண்டபத்தில் புளூகிராஸ் இசைக் கூடல். கடைசி நிகழ்ச்சியாக நம் குடும்பம் வாசிக்கவேண்டும் என்று கூடலை நடத்தும் டக் கேட்கிறார். அப்பா போய்ப் பத்து வருடம் ஆகிறது என்று அவருக்கு நினைவிருக்கிறது. “குர்ணாகர் ஃபமிலி இல்லாமல் கூடலா?” என்றார். முப்பது வருடமாகியும் அந்த மனிதனுக்கு நம் ஊரைக் குருநகர் என்று சொல்ல வாய் வரவில்லை. நான் கிற்றார் பிடித்துப் பாடுவேன். மெலனி பாஞ்சோ வாசிப்பாள். அப்பாவின் மண்டலின் உங்களிடம் இருக்கிறது. நீங்கள் வராவிட்டால் நானும் மேடையேற மாட்டேன் என்று டக்கிடம் சொல்லிவிட்டேன்.

மெலனிக்கு 1996இல் எடுத்த வீடியோவைப் போட்டுக் காட்டினேன். ஒரே மைக்கைச் சுற்றி அப்பா, நீங்கள், நான். “ஏனம்மா பாட்டுக்கு நடுவிலை மூண்டு பேரும் தேத்தண்ணி கேக்கிறியள்?” என்றாள். சிரித்துச் சிரித்து எனக்கு இருமலே வந்துவிட்டது. ஜி, சி, டி என்று கோட் எனும் சுரக்கூட்டின் பெயரைச் சொன்னால் மேடைச் சத்தத்தில் மூன்றும் ஒன்றுபோலக் கேட்கும், அதனால் அப்பா ஜிக்கு இஞ்சி, சிக்குச் சீனி, டிக்குத் தேத்தண்ணி என்று பெயர் வைத்தார் என்று விளக்கினேன். அப்பாவின் ரயில் பாட்டுக்கு முடிவே கிடையாது, பாடுகிறவர் “இஞ்சி” என்று கூப்பிடும்வரை ரயில் நிற்காது என்றும் சொன்னேன். பிள்ளைக்கு ஒரே புளுகம், துள்ளாத குறை.

அண்ணா, 2018இல் அதே மண்டபத்தில் நடந்ததை நான் மறந்துவிட்டேன். பாட்டை முடிக்க நான் மூன்று தரம் இஞ்சி என்று கூப்பிட்டேன். மூன்று தரமும் நீங்கள் சீனி வாசித்தீர்கள். ரயில் பாட்டை யார் பாடுவது என்று காலையில் வந்த வாக்குவாதத்துக்குப் பழிவாங்கினீர்கள் என்று நினைத்தேன். போகட்டும். நீங்களும் மறந்துவிடுங்கள்.

மச்சாளுக்கு என் அன்பு. பதில் எழுதுங்கள்.

உங்கள் தங்கை,
றோசலின்


மிசிசாகா
3 மார்ச் 2024

அன்புள்ள றோசலினுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். பேபிக்கு முழங்கால் நோ. எனக்கு ஒன்றுமில்லை.

கடிதம் கிடைத்தது. நீ மறந்துவிட்டேன் என்று எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். முக்கியமான ஒன்றையும் சேர்த்து மறந்துவிட்டாய் போலிருக்கிறது. நல்லது.

செப்டெம்பருக்கு நான் வரவில்லை. விரல் மூட்டுகள் பிடித்துக்கொண்டுவிட்டன. மண்டலினை மெலனிக்குத் தருகிறேன், வீட்டில் தூங்குவதைவிடப் பிள்ளையின் கையில் இருக்கட்டும். டக்கிடம் என் வணக்கத்தைச் சொல்லு.

ஃபோன் அடிக்காதே. 401 நெடுஞ்சாலையில் அலைந்து வீட்டுக்கும் வரவேண்டாம். எழுது, அதுதான் எனக்கு வசதி.

மச்சானையும் பிள்ளையையும் கேட்டதாகச் சொல்லு. சீனியைத் தொடாதே.

அண்ணன்,
நீக்கிலாஸ்


வோபர்ன்
10 மார்ச் 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் சுகம். மச்சாளின் முழங்காலுக்கு வேப்பெண்ணெய் பூசிச் சுடுதண்ணிப் பை வைக்கச் சொல்லுங்கள். இவருக்கு மட்டும் குறட்டை கூடிவிட்டது, டொக்டர் அதைப் பதிவுசெய்து கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். வீட்டில் இப்போது அதுதான் பெரிய இசை.

விரல் மூட்டு என்று எழுதியிருக்கிறீர்கள். கார்த்திகையில் பிரதீபாவின் கலியாணவீட்டில் என்னைக் கண்டதும் வேறு மேசைக்குப் போய் இருந்தீர்களே, அங்கே மேசை விரிப்பின்மேல் உங்கள் விரல்கள் ஓடிய ஓட்டத்தை நான் பார்த்தேன். அந்த விரலில் ஒரு நோவும் இல்லை. என்மேல் கோபம் என்றால் கோபம் என்று எழுதுங்கள். இல்லாத வருத்தத்தைச் சொல்லவேண்டாம்.

இதோடு ஒரு யூஎஸ்பி வைத்திருக்கிறேன். மெலனி ரயில் பாட்டைப் பாஞ்சோவில் வாசித்தது. அவளுக்கு இருபத்திரண்டு வயது. என் பாராட்டை அவள் கணக்கில் எடுப்பதே இல்லை, மாமா என்ன சொல்கிறார் என்றுதான் காத்திருக்கிறாள். உண்மையைச் சொல்லுங்கள். அவளுக்காவது பதில் எழுதுங்கள்.

அன்புடன்,
றோசலின்


மிசிசாகா
21 ஏப்ரல் 2024

அன்புள்ள றோசலினுக்கு,

சுகம். பதில் பிந்திவிட்டது. குறைநினையாதே. பேபியின் முழங்காலுக்கு உன் வேப்பெண்ணெய் கொஞ்சம் கேட்கிறது, வீடுதான் நாறுகிறது.

மெலனியின் பதிவைக் கேட்டேன். நல்லாயிருக்கிறது. நிதானமான தாளம், இந்த வயதில் அது லேசில் வராது. நடுவில் ஓரிடத்தில் நின்றுவிட்டுத் திடீரென்று பாய்கிறாள். அவசரப்படாமல் மூச்சுவிட இடம் விட்டு வாசிக்கச் சொல்லு. கடைசிப் பகுதியில் அப்பாவே வந்து இருப்பதுபோல இருந்தது.

இவ்வளவு வாசிக்கிற பிள்ளைக்கு நான் எதற்கு? நீங்கள் இரண்டுபேருமே போதும்.

அண்ணன்,
நீக்கிலாஸ்


வோபர்ன்
28 ஏப்ரல் 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

எல்லோரும் சுகம், இன்றைக்கு இரண்டு மடங்கு சுகம். உங்கள் கடிதத்தை மெலனி பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறாள். “அப்பாவே வந்து இருப்பதுபோல” என்ற வரியை நான் வாசித்தபோது அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிங்கில் கோப்பை கழுவினாள். கழுவிய கோப்பையையே மறுபடி கழுவினாள். எனக்கு மனம் நிறைந்துவிட்டது, அண்ணா. கோபத்திலும் நியாயமாகக் கேட்டுச் சொன்னீர்களே, அதற்கு நன்றி.

அந்த நியாயத்தை இன்னும் கொஞ்சம் நீட்டிச் செப்டெம்பருக்கும் வாருங்கள்.

அன்புடன்,
றோசலின்


வோபர்ன்
12 மே 2024

அண்ணாவுக்கு,

சுகம் விசாரிக்க எனக்கு இன்று மனமில்லை.

வியாழக்கிழமை டொக்டரின் அலுவலகத்திலிருந்து ஃபோன் வந்தது. உங்கள் கணவரின் குறட்டைப் பதிவில் யாரோ பாஞ்சோ வாசிக்கிறார்கள், நல்ல பாட்டு, ஆனால் எங்களுக்கு உதவாது என்றார்கள். இரண்டு யூஎஸ்பியும் ஒரே நிறம். நான்தான் மாற்றி வைத்துவிட்டேன், அது என் பிழை.

ஆனால், அண்ணா, நீங்கள் கேட்டது என் புருஷனின் குறட்டை. நாற்பது நிமிடக் குறட்டையைக் கேட்டுவிட்டு யாராவது “அப்பா வந்து இருப்பதுபோல” என்று எழுதுவார்களா? நீங்கள் அதைப் போட்டே பார்க்கவில்லை. பிள்ளைக்காவது உண்மையாக இருப்பீர்கள் என்று நினைத்தேன். மெலனி பிரிட்ஜிலிருந்து கடிதத்தை எடுத்துவிட்டாள். அவள் என்னைத் திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

செப்டெம்பருக்கு யாரும் வரவில்லை என்று டக்கிடம் சொல்லப்போகிறேன். மச்சாளுக்கு மட்டும் என் அன்பு.

றோசலின்


வோபர்ன்
23 ஜூன் 2024

என் அன்புள்ள அண்ணாவுக்கு,

ஆறு கிழமையாக உங்களிடமிருந்து ஒரு வரியும் இல்லை. நானும் எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். நேற்றுப் பின்னேரம் நடந்த ஒன்றை எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் குசினியில் தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தேன். மெலனி காதில் ஹெட்ஃபோனோடு அலுமாரிக்குப் பக்கத்தில் நின்றாள். “மெலனி, இஞ்சி எடு” என்றேன். சீனிப் போத்தலைத் தூக்கித் தந்தாள். “பிள்ளை, என்னைக் கொல்லப்போறியே? இஞ்சி!” என்றேன். மறுபடியும் சீனிப் போத்தலைத்தான் நீட்டினாள். மூன்றாம் தரம் கத்தியபோது ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு, “சொறி அம்மா, இதுக்குள்ளாலை இரண்டும் ஈ... ஈ... எண்டுதான் கேக்குது” என்றாள்.

அண்ணா, கையில் இருந்த கேத்திலை அடுப்பிலேயே வைத்துவிட்டேன். கதிரையில் இருந்துவிட்டேன்.

மூன்று தரம் இஞ்சி, மூன்று தரம் சீனி. ஃபோன் எடுப்பதில்லை. வீட்டுக்கு வரவேண்டாம். எழுது, அதுதான் வசதி. கலியாணவீட்டில் என்னைக் கண்டதும் வேறு மேசை. குறட்டைக்குப் பாராட்டு. ஒவ்வொன்றாக எனக்கு முன்னால் வந்து நின்றது. இவ்வளவையும் வைத்துக்கொண்டு கோபம், கோபம் என்று ஆறு வருடம் திரிந்திருக்கிறேன்.

முக்கியமான ஒன்றையும் சேர்த்து மறந்துவிட்டாய் என்று எழுதினீர்கள். மறக்கவில்லை. எழுத வெட்கமாக இருந்தது, அதனால் விட்டுவிட்டேன். இப்போது எழுதுகிறேன். மூன்றாவது சீனிக்குப் பிறகு, பாட்டை நிறுத்தி, அந்த மைக்குக்குள்ளேயே, நம் சனம் முப்பது பேர் முன்வரிசையில் இருக்க, “என்ன, காது செவிடோ உங்களுக்கு?” என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். நீங்கள் மண்டலினைப் பெட்டிக்குள் வைத்து, இரண்டு பூட்டையும் போட்டுவிட்டு, கார்க் கதவைக்கூடச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனீர்கள்.

நான் நினைப்பது பிழையாக இருந்தால் என்னைத் திட்டி எழுதுங்கள். சரியாக இருந்தால் என்னை மன்னியுங்கள். இரண்டில் ஒன்று எழுதுங்கள், அண்ணா. டக்கிடம் நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

உங்கள் தங்கச்சி,
றோசலின்


மிசிசாகா
7 ஜூலை 2024

என் அன்புத் தங்கச்சிக்கு,

நாங்கள் சுகம். உண்மையாகவே சுகம். உன் கடிதத்தை வாசித்துவிட்டுப் பேபியிடம் கொடுத்தேன். அவள் வாசித்து முடித்து, “இனியாவது ஃபோன் வந்தால் நான் பொய் சொல்லத் தேவையில்லை” என்று அழுதாள். ஆறு வருடமாக அவளையும் பொய்க்காரி ஆக்கி வைத்திருந்தேன்.

நீ நினைத்தது சரி. இரண்டு காதும். விமானநிலையத்தில் இருபத்தேழு வருடம் பொதி ஏற்றி இறக்கினேன். காதுக்கு மூடி தந்தார்கள், அவர்களைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. நான்தான் அந்த மூடிக்குள்ளே சின்ன இயர்ஃபோனைச் செருகி, எஞ்சின் சத்தத்தை மிஞ்சிக் கேட்கும்படி கூட்டிவைத்து மண்டலின் பாடம் கேட்டேன். வேலையும் நடந்தது, பாட்டும் பாடமானது, காதும் போனது. முதலில் போனது சத்தம் குறைந்த எழுத்துக்கள். ச போனது, த போனது. ஈ, ஆ, ஊ மட்டும் மிஞ்சியது. யாரும் பிழையாகக் கேட்கக்கூடாது என்று அப்பா யோசித்து வைத்த பெயர்கள். பாவம் மனிதர், இப்படி ஒரு மகன் வருவான் என்று நினைத்திருக்க மாட்டார்.

அந்த மேடையில் நான் பழிவாங்கவில்லை. நீ சீனி கேட்கிறாய், பாட்டை இன்னும் ஓடவிட ஆசைப்படுகிறாய் என்று நினைத்தேன். சந்தோஷமாகத்தான் வாசித்தேன். அன்று முழுக்க நீ சொன்னதில் ஒரேயொரு வசனம்தான் எனக்கு வடிவாகக் கேட்டது. பாட்டை நிறுத்திவிட்டு மைக்கில் சொன்னாய் அல்லவா.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். கோபக்காரன் என்றால் சனம் கொஞ்சம் தள்ளி நின்று மரியாதை தரும். செவிட்டு மண்டலின்காரன் என்றால் பரிதாபப்பட்டுத் தோளில் தட்டும். தட்டு வாங்க எனக்கு விருப்பமில்லை. உன்னிடமிருந்து வாங்க அதைவிட விருப்பமில்லை. உனக்கு என்மேல் கோபமாவது இருக்கட்டும் என்று விட்டேன். அது பெரிய மடத்தனம் என்று இன்றைக்குத்தான் விளங்குகிறது. நீயும் என்னை மன்னித்துக்கொள்.

பதிவை நான் போடாமல் விடவில்லை. காதுக்குக் கருவி மாட்டிக்கொண்டு பேச்சை ஒருமாதிரிப் பிடிப்பேன், பாட்டு வந்தால் தகரத்தைச் சுரண்டுவதுபோல இருக்கும். அதனால் கழற்றிவிட்டு ஸ்பீக்கரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். சத்தியமாக நல்ல தாளம், றோசலின். நடுவில் நின்று பிறகு பாய்ந்தது, அதையும் சரியாகத்தான் எழுதினேன். அந்த நிறுத்தம் பாஞ்சோவுக்கு இருக்கலாம், மனிதருக்கு நல்லதல்ல. மச்சானைக் கட்டாயம் டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போ. மெலனியிடம் நான் மன்னிப்புக் கேட்டேன் என்று சொல்லு.

விரலில் ஒன்றுமில்லை, நீ பார்த்தது சரி. குனிந்து நாடியை மண்டலின் விளிம்பில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு நாளும் வாசிக்கிறேன். எலும்புக்குள்ளால் எனக்குக் கேட்கும். ஆனால் மேடை வேறு. நீ கூப்பிடுவது எனக்குக் கேட்காது. இன்னொரு தரம் எல்லோருக்கும் முன்னால் சீனி வாசிக்க எனக்குத் தைரியமில்லை.

உன் பிரஷரையும் சீனியையும் கவனி.

அண்ணன்,
நீக்கிலாஸ்


வோபர்ன்
14 ஜூலை 2024

என் அன்புள்ள அண்ணாவுக்கு,

மூன்று பேரும் சுகம். இவரை நித்திரைச் சோதனைக்குப் பதிந்தாயிற்று. நீங்கள் உள்ளங்கையால் பிடித்த, நித்திரையில் மூச்சு நிற்கும் வருத்தத்தைத்தான் டொக்டரும் சொன்னார். இவர் இப்போது உங்களை டொக்டர் நீக்கிலாஸ் என்கிறார்.

உங்கள் கடிதத்தை வாசித்து நான் அழுத அழுகையை எழுதப்போவதில்லை. அழுது முடித்தபோது என் உடம்பே இறகாகிவிட்டது. என் அண்ணன் என்னை வெறுக்கவில்லை. ஆறு வருடமாக நான் பூசையில் கேட்டது அதுதான்.

இனி வேலை. அண்ணா, நாம் வாசிப்பது புளூகிராஸ். ஆளுக்கொரு மைக்கும் பத்தடி இடைவெளியுமா? ஒரே மைக், தோளோடு தோள். உங்கள் இடது பாதம் என் வலது பாதத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கும். ஒரு மிதி என்றால் இஞ்சி. இரண்டு என்றால் சீனி. மூன்று என்றால் தேத்தண்ணி. கூப்பிடாமல் மிதிக்கிறேன். நேற்று இவருடைய காலில் பழகிப் பார்த்தேன், அவருக்கே விளங்குகிறது. டக் வாசிக்கும் பெரிய பாஸின் அதிர்வு மேடைப் பலகைக்குள்ளால் உங்கள் காலுக்கு வரும். மெலனியின் வலது கை உங்கள் கண்ணுக்கு முன்னால் இருக்கும். வேறென்ன வேண்டும்?

வருகிற சனிக்கிழமை பத்து மணிக்கு நாங்கள் வருகிறோம். 401இல் எவ்வளவு நின்றாலும் வருவோம். மணி அடித்தால் உங்களுக்குக் கேட்காது, இனி அதற்கு வெட்கப்படவும் வேண்டாம். மச்சாளைக் கதவடியில் நிற்கச் சொல்லுங்கள். தடித்த சப்பாத்துப் போடவேண்டாம்.

தங்கச்சி,
றோசலின்

மாமா, இது மெலனி. அம்மா என்னை ரெண்டு லைன் எழுதச் சொன்னவ. எனக்கு ஒரு கோவமும் இல்லை. அப்பாவின்ரை குறட்டைக்கு நீங்கள் எழுதின ரிவியூவைத் திரும்ப பிரிட்ஜிலை ஒட்டிட்டன். என்ரை பாஞ்சோவிலை ஒருக்கா கை வைச்சுப் பாத்திட்டு எனக்கும் ஒண்டு எழுதுங்கோ. பிளீஸ்.


மிசிசாகா
24 செப்டெம்பர் 2024

என் அன்புத் தங்கச்சிக்கு,

பேபியும் நானும் நல்ல சுகம். இடது காலின் பெருவிரல் மட்டும் வீங்கியிருக்கிறது. ஐஸ் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். காதில் கருவி இருக்கிறது, பக்கத்தில் ஃபோனும் இருக்கிறது, ஆனாலும் எழுதத்தான் பிடித்திருக்கிறது.

முதலில் மெலனிக்கு. உன் பாஞ்சோவை என் முழங்காலால் கேட்டேன், பிள்ளை. உன் அப்பாவைவிட நன்றாக வாசிக்கிறாய். இதை ஒட்டு.

டக் நம்மைக் கூப்பிட்டபோது திரும்பிக் காருக்கே போய்விடலாமா என்று பார்த்தேன். மைக்கடியில் வந்து நின்றதும் நீ என் காலுக்குப் பக்கத்தில் உன் காலைத் தள்ளி வைத்தாய். அதற்குப் பிறகு பயம் போய்விட்டது. உன் குரல் எனக்குக் கேட்கவில்லை, றோசலின். அதைச் சொல்லாமல் விடமாட்டேன், இனி ஒன்றையும் சொல்லாமல் விடுவதில்லை என்று பேபிக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஆனால் உன் தோள் ஏறி இறங்கியது. அப்பா பாடும்போதும் அப்படித்தான் ஏறி இறங்கும். அது போதுமாக இருந்தது.

கடைசி அடி வந்தது. ரயில் நிற்கவேண்டிய இடம். ஒரு மிதிக்காகக் காத்திருந்தேன். நீ இரண்டு தரம் மிதித்தாய். திரும்பிப் பார்த்தேன், கண்ணை மூடிக்கொண்டு பாடிக்கொண்டிருந்தாய். அது இஞ்சி வரவேண்டிய இடம் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் நீ சீனி கேட்டாய், சீனி வாசித்தேன். மெலனி என்னை முறைத்துவிட்டு அவளும் சீனிக்கு வந்தாள். இன்னொரு சுற்று ஓடினோம். மறுபடியும் இரண்டு மிதி. மறுபடியும் சீனி. மூன்றாம் தரமும் அப்படியே. சனம் எழும்பி நின்று கை தட்டியது, பலகைக்குள்ளால் எனக்கு அது நன்றாகவே வந்தது. நாலாம் தரம்தான் ஒரேயொரு மிதி மிதித்தாய், அதுவும் என் பெருவிரலைச் சிதைக்கிற மாதிரி.

காரில் வரும்போது நீ ஒரு கடதாசியில் “மூன்றும் என் பிழை, பதற்றத்தில் மாறிவிட்டது” என்று எழுதிக் காட்டினாய். நான் தலையாட்டினேன். உன் முகம் வேறு ஏதோ சொன்னது. பதறி மிதித்தாயா, வேண்டுமென்றே மிதித்தாயா என்பதற்காக நான் ஆறு வருடம் பேசாமல் இருக்கப்போவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து உங்கள் வீட்டுக்கு வருகிறோம். எனக்கு இஞ்சித் தேத்தண்ணி போடு, சீனி போட்டு.

அண்ணன்,
நீக்கிலாஸ்